உள்பக்கம் இல்லாத துணி

"வாடை போயிருச்சு முதலாளி. இறங்கிரட்டுமா?"

மொக்கைச்சாமி சட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டிவிட்டார். பெருமாநல்லூர் சாலையில் இருந்த அந்தச் சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியில், பத்தடி ஆழத்தில், பம்பின் வாயைச் சேறு அடைத்துக் கிடந்தது. அதை எடுத்தால்தான் மிஷின்கள் ஓடும். காலை எட்டு மணிக்கு மூடியைத் திறந்தபோது அழுகிய முட்டை வாடை ஆளைப் பின்னுக்குத் தள்ளியது. இப்போது மணி பதினொன்று. வாடையே இல்லை.

"மூக்கை நம்பாதீங்கண்ணா" என்றாள் மெஹ்ஜபின்.

"இந்த மூக்கையா? சாயத்துல ஆசிட் ஒரு மூடி கூடிட்டாலும் வாசல்ல நின்னு சொல்லுவேன்."

"இந்த வாயு கொஞ்சமா இருந்தாத்தான் நாறும். அதிகமா இருந்தா முதல்ல மூக்கைத்தான் சாகடிக்கும். அப்புறம் ஆளை. மேல காத்தாடிப் போச்சு, சரி. ஆனா அது காத்தை விடக் கனமுங்க. அடியில தங்கிக்கும்."

மெஹ்ஜபின், பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் வேஸ்ட் துணி வாங்கி விற்கும் முஸ்தபாவின் மகள். கோவையில் ஆராய்ச்சி மாணவி. வாயுவைக் கண்டுபிடிக்கும் சில்லு ஒன்றைத் தானே செய்து, அதைச் சோதிக்க அனுமதி கேட்டு அன்று வந்திருந்தாள். தபால்தலை அளவில் ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் கறுப்பாக ஒரு பூச்சு, நீளமான ஒயர், முனையில் முள் வைத்த மீட்டர். அவ்வளவுதான். காலையில் தொட்டி வாயில் பிடித்ததும் முள் சட்டென்று ஏறியது. ஏறியது இறங்கவில்லை.

முதலாளி லிங்கசாமி மீட்டரை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்முணி, வேப்பமரத்தடிக்கு வந்தும் முள்ளு அங்கயேதான் நிக்குது. வேப்பமரத்துலயும் விசவாயு வருதுங்களா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். மெஹ்ஜபினும் சிரித்துவிட்டாள்.

"ஒட்டினது இன்னும் விடலைங்க. லேப்ல சூடு பண்ணி விரட்டுவோம். இங்க காத்துலயே விட்டுரும்னு ஹீட்டரை எடுத்துட்டு வரலை. தப்பு என்னுதுங்க."

"உங்களைக் குறை சொல்லலீங்க. நாலு மிஷின் துணியோட நிக்குது. இன்னும் ஒரு மணி நேரம் போனா அத்தனையும் திட்டுத் திட்டாப் போயிரும். வாடையும் இல்லை, உங்க மீட்டரும் பேசலை. நான் எதை நம்பறதுங்க?"

மொக்கைச்சாமி இடுப்பில் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். அவர் மனைவி முத்துப்பேச்சி அப்போதுதான் முதலாளியிடம் காட்ட ஒரு சாம்பிள் துணியோடு வந்திருந்தாள். சாயம் ஏறிய துண்டுகளை அயர்ன் போட்டு உலர்த்தி, கேட்ட கலரோடு சேர்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. புருஷனின் இடுப்புக் கயிற்றைப் பார்த்தாள். மெஹ்ஜபின் பக்கம் திரும்பினாள்.

"என்னது ஒட்டுச்சுன்னு சொன்ன தாயி?"

"வாயுங்கக்கா. இந்தக் கறுப்பு இருக்கு பாருங்க, பென்சில்ல இருக்கிற கரிதான். ஏடு ஏடாப் பிரிச்சு, ஒரே ஒரு ஏடு வர்ற வரைக்கும் பிரிச்சா இது. தேன்கூடு மாதிரி வர்ற ஹனிகோம் துணி பாத்திருப்பீங்களே, அதே மாதிரி ஆறு மூலைக் கண்ணு. ஆனா கனம் ஒரே ஒரு அணு."

"அம்புட்டு மெலிசா?"

"அதுதான் இதோட பலம். கனமான துணியில ஒரு தூசி விழுந்தா உள்நூலுக்குத் தெரியாது. இதுக்கு உள்நூலே இல்லை. எல்லாமே மேல்பக்கம். எது வந்து உக்காந்தாலும் துணி முழுக்கத் தெரியும். இதுக்குள்ள ஓடற கரண்டு மாறும், முள்ளு நகரும்."

முத்துப்பேச்சி அந்தக் கறுப்பையே சற்று நேரம் பார்த்தாள். "உள்பக்கமே இல்லாத துணி" என்று மெல்லச் சொல்லிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "துணின்னா அயர்ன் போட்டா ஒட்டுனது போயிருமில்ல?"

மெஹ்ஜபின் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "போகும். ஆனா ஆவி படக்கூடாது. நேரா வைக்கவும் கூடாது."

"வெள்ளைத் துணி போட்டு, ஆவியை நிறுத்திட்டு மேலாக்க வைக்கிறேன். பட்டன் வச்ச துணியெல்லாம் அப்படித்தான்."

"முதலாளி, பத்து நிமிசம்" என்றாள் மெஹ்ஜபின்.

லிங்கசாமி கடிகாரத்தைப் பார்த்தார். "சரீங்க. பத்து நிமிசம்."

அயர்ன் மேசையில் மடித்த வெள்ளைத் துணிக்கு அடியில் சில்லு இருந்தது. முத்துப்பேச்சி பெட்டியை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். முள் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. மெஹ்ஜபின் ஒயரைப் பிடித்து எழுந்தாள்.

"இரு தாயி, சூட்டோட பாக்காத. சூடா இருக்கையில கலர் பொய் சொல்லும். ஆறி, காத்துப் பட்டாத்தான் நிசக் கலர். இதுக்கும் அப்படித்தான இருக்கும்?"

மெஹ்ஜபின் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்படித்தாங்கக்கா. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு."

ஆறியது. வேப்பமரத்தடியில் முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது.

"தொட்டிக்குள்ள ஈரம் அதிகமுங்களே. ஈரத்துக்கும் ஆடாதுங்களா?" என்றார் லிங்கசாமி.

"ஆடும். வந்து உக்காந்தது யாருன்னு இதுக்குப் பேர் சொல்லத் தெரியாதுங்க. அதனால முதல்ல உங்க நல்லதண்ணித் தொட்டியில விட்டுப் பாப்போம். ஆழம் ஒண்ணுதானுங்களே?"

அடியில் கொஞ்சமே தண்ணீர் கிடந்த நல்லதண்ணித் தொட்டியில் எட்டடி இறக்கியும் முள் ஒரு கோடுதான் நகர்ந்தது. பிறகு கழிவுத் தொட்டி. ஒயரை மொக்கைச்சாமியே இறக்கினார், இடுப்புக் கயிறு தொங்கத் தொங்க.

"மூணடி."

"ஒரு கோடு" என்றாள் முத்துப்பேச்சி. மீட்டர் அவள் கையில் இருந்தது.

"ஆறடி."

"ரெண்டு."

"எட்டு."

முத்துப்பேச்சி மீட்டரைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"ஏ பேச்சி, எட்டுங்கேன்."

"வந்து பாருங்க."

முள் கடைசிக் கோட்டைத் தாண்டி ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மொக்கைச்சாமி முள்ளைப் பார்த்தார். தொட்டி வாயில் குனிந்து ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றார். இந்தத் தடவை அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

லிங்கசாமியும் முள்ளை எட்டிப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்தார். "சேறு உறிஞ்சற லாரிக்குச் சொல்லிடறேன். சாயங்காலம்தான் வருவான். துணி போனாப் போகுது. கயித்தை அவுத்துருங்க மொக்கைச்சாமி."

முடிச்சு இறுகியிருந்தது. மொக்கைச்சாமி தடுமாறினார். முத்துப்பேச்சி மீட்டரை மெஹ்ஜபினிடம் கொடுத்துவிட்டு வந்து, அதை அவிழ்த்தாள்.

"கரிதான்னு சொல்லுச்சு அந்தப் பிள்ளை" என்றார் அவர், சட்டையை மாட்டிக்கொண்டே. "வெறும் பென்சில் கரி. என் மூக்கை விட ஒசத்தியா இருக்கு."

"எல்லாம் ஒசத்திதான். பட்டனைப் போடுங்க."

சில்லில் மறுபடியும் வாயு ஒட்டியிருந்தது. மெஹ்ஜபின் அதை ஏந்தியபடி அயர்ன் மேசைப் பக்கம் முத்துப்பேச்சிக்கு முன்னால் நடந்தாள்.