லக்சமானாவின் காவல்

தோளில் ஒற்றை நட்சத்திரம் ஏறி ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஹர்தோயோவின் நடையே மாறிவிட்டது. குளியலறைக்குக்கூட அணிவகுப்பில் போவதுபோல் போனார். நேற்றுவரை கர்னல், இன்று சுரபாயா கடற்படையின் லக்சமானாக்களில், அதாவது அட்மிரல்களில், ஒருவர்.

நன்றி விருந்துக்கு மஞ்சள் சாதத்தைக் கோபுரமாகக் குவித்திருந்தார்கள். அதன் உச்சியை வெட்டி, யாருக்கு அதிகம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோமோ அவர் கையில் கொடுப்பது வழக்கம். அதில் ஹர்தோயோவுக்குக் குழப்பமே இல்லை. முன்வரிசையில் இரட்டை நட்சத்திரத்தோடு உட்கார்ந்திருந்த மேலதிகாரி மனம் வைத்தால் ஜகார்த்தாவில் பெரிய நாற்காலி.

கத்தியை எடுக்குமுன் மைக்கை எடுத்தார்.

"லக்சமானாங்கிற பேரு எங்கேர்ந்து வந்தது தெரியுமா? ராமனோட தம்பி லட்சுமணன்கிட்டேர்ந்து! நம்ம நிழல்கூத்துல வர்றானே, அதே லெஸ்மனா. காட்டுல அண்ணனுக்குக் காவல் நின்னவன். அந்தக் காலத்து மலாய் ராஜாக்கள் கடல் தளபதிக்கு அந்தப் பேரைத்தான் வச்சாங்க. கண் அசராம காவல் நிக்கிறவன்தான் லக்சமானா!"

"நீங்களா? போன வாரம் மீட்டிங்ல குறட்டை விட்டீங்களாமே."

பக்கத்தில் நின்ற மனைவி ரெத்னோ மெதுவாகத்தான் சொன்னாள். மைக்குக்கு அது போதுமானதாக இருந்தது. கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

"சும்மா இருடி."

"இல்லீங்க, தெரியாமத்தான் கேக்கறேன். லெஸ்மனா தம்பி. நீங்க வீட்டுக்கு மூத்தவரு. அப்போ காவல் நின்னது யாரு?"

ஹர்தோயோ மைக்கைக் கீழே இறக்கினார். கண் சமையலறை வாசலுக்குப் போனது.

அங்கே தம்பி துகிமான் ஓலை விசிறியால் பொரித்த கோழிமேல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த வருஷங்களில், அண்ணன் கப்பல் கப்பலாக மாறி நட்சத்திரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, கடல்கடந்து கலிமந்தானில் கிடைத்த வேலையை வேண்டாமென்று சொல்லி அவள் காலடியில் விழித்திருந்தவன். அண்ணனுக்குப் போட்ட ஒவ்வொரு கடிதத்திலும் "அம்மா நல்லா இருக்கா, நீ பயப்படாதே" என்றே எழுதியவன்.

ஹர்தோயோ உச்சியை வெட்டித் தட்டில் வைத்தார். முன்வரிசைக்காரர் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். தட்டு அவரைக் கடந்து சமையலறை வாசலுக்குப் போனது.

"அண்ணே, ஆள் மாறிடுச்சு! அவரு அங்கே நிக்கிறாரு!"

"மாறலைடா. பிடி."

"கையெல்லாம் எண்ணெய்ண்ணே."

"பரவால்ல."

துகிமான் தடுமாறி அண்ணன் தோளைப் பிடித்தான். வெள்ளைச் சீருடையில், நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே ஐந்து விரலும் பதிந்தன. முன்வரிசைக்காரரும் கைதட்டினார், கொஞ்சம் தாமதமாக. ஜகார்த்தா எவ்வளவு தூரம் தள்ளிப்போனது என்று அந்தத் தாமதத்திலேயே ஹர்தோயோவுக்குத் தெரிந்தது. தெரிந்தும், ஏனோ மூச்சு லேசாக வந்தது.

"ஈ மொய்க்குதுண்ணே, கோழியைப் பாக்கணும்," என்றான் துகிமான், வாய் நிறையச் சாதத்தோடு.

"நீ உக்காந்து சாப்பிடு."

லக்சமானா விசிறியை வாங்கிக்கொண்டு கோழிக்குக் காவல் நின்றார்.