நிற்காமல் சொல்கிற பிள்ளை

டின்சிக்குப் பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். சாந்தன்பாறை முக்கில் அவள் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் சால்வை போர்த்தினார். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற அவள் அம்மா பிலோமியை, மகள் நர்ஸாகியே விட்டது போல, அன்றிலிருந்து "நர்ஸோட அம்மா" என்றே கூப்பிட்டார்கள். பிலோமிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஏ பிளஸ் வந்த வழி டின்சிக்குத்தான் தெரியும். மலையாளப் பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பிரிவுக்கு அறிவியல் எடுக்க வந்த ஷைஜு சாருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டவும் வராது. கெட்ட மனுஷன் இல்லை, பாவம். தொண்டை வற்ற மலையாளத்தில் கத்திப் பார்த்தார், ஒரு பிள்ளைக்கும் ஏறவில்லை. கடைசியில் கைடில் உள்ள விடையை நெட்டுருப் போட்டு வந்து ஒப்பிக்கச் சொன்னார். சொல்வது சரியா தப்பா என்று அவருக்கு எப்படித் தெரியும்? நிற்காமல் சொன்னால் சரி, நடுவில் நின்றால் தப்பு. யோசிக்கிற பிள்ளைதானே நடுவில் நிற்கும்? அப்படிப்பட்டவர்கள் எல்லாம் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். டின்சி கெட்டிக்காரி, யோசிப்பதை விட்டுவிட்டாள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பத்தாம் வகுப்பு வரைக்கும் நன்றாகவே உதவியது. பிளஸ் ஒன் சயன்ஸில் சேர்ந்த பிறகுதான் சட்டி காலியாக இருப்பது தெரிந்தது. இங்கே எல்லாம் ஆங்கிலம், எல்லாமே 'ஏன்' என்கிற கேள்வி. சயன்ஸை விட்டு ஹியூமானிட்டீஸுக்கு மாற இன்றுதான் கடைசி நாள். பல நாள் அழுதுதான் அம்மாவைக் கையெழுத்துப் போடக் கூட்டி வந்திருந்தாள். இதை விட்டால் வேறு வழி இல்லை.

ஆசிரியர் அறையில் வகுப்பாசிரியர் ஜோபி சார் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எனக்குக் கையெழுத்துப் போட மனசே இல்ல சார்," என்றாள் பிலோமி. "படிப்பு ஏறலைங்கறா. நீங்களே கேளுங்க."

"ஃபுல் ஏ பிளஸ் குட்டியல்லே? முதல்ல எல்லாருக்கும் பயம்தான் அம்மே."

"பயம் இல்ல சார். எனக்கு நெசமாவே ஒண்ணும் தெரியாது," என்றாள் டின்சி. ஒரு வாத்தியாரிடம் அவள் சொன்ன முதல் உண்மை அதுதான்.

சார் சிரித்தார். "சரி மோளே, சின்ன கிளாஸ்ல படிச்சதுதான் கேக்கறேன். ஃபோட்டோசிந்தசிஸ்னா என்ன?"

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை. "தாவரங்கள் சூரிய ஒளியின் முன்னிலையில் பச்சையத்தின் உதவியுடன்..." என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல், கடைசி வரி வரைக்கும் கொட்டித் தீர்த்தது. பக்கத்து மேசை டீச்சர்கூடத் திரும்பிப் பார்த்தார். பிலோமிக்குக் கண் கலங்கிவிட்டது.

டின்சி சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சையம்னா என்ன என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், தப்பித்துவிடுவாள். கேளுங்க சார், கேளுங்க சார் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"இதான் ஒண்ணும் தெரியாத குட்டி," என்று விண்ணப்பத்தை மடித்து அம்மாவிடமே நீட்டினார் சார். பிலோமி அதை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

"ஊரு சிரிக்க வச்சிருப்பியேடி. போ, பெல் அடிச்சிட்டாங்க."

கெமிஸ்ட்ரி வகுப்பு தொடங்கியிருந்தது. டின்சி போய் உட்கார்ந்து, போர்டில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள்.