பட்டாணித் தட்டில் கிடந்த கூப்பன்கள்

எங்கள் ஊர் சர்ச்சின் உணவு அறை அலமாரியில் மூன்றாவது தட்டு காஸ்கில் குடும்பமான எங்களுடையது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின ஞாயிறன்று நூற்றிருபது டப்பாக்களும் பொட்டலங்களும் வைத்து அதை நிரப்புவோம். இல்லாதவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். என் அப்பா தொடங்கி வைத்தது. கண்ணாடி ஆலை மூடிய வருடத்தில்கூட அந்தத் தட்டில் ஒரு கை அகலம் காலியாக இருந்ததில்லை.

இந்த அக்டோபரில் என் மனைவி ஐடெல்லாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவைச் சிகிச்சை. அதனால் முதல் தடவையாக நானே கடைக்குப் போனேன். விலைகளைப் பார்த்துவிட்டு வெறும் பையோடு திரும்பி வந்தேன்.

"பாதித் தட்டு போதும், எல்வுட்," என்றாள் ஐடெல்லா.

"பாதி வைக்கிறதுக்கு, நம்ம பேரையே அங்கேருந்து எடுத்துடலாம்."

"அப்ப ரோசத்தை மடிச்சு வெச்சுட்டு அதை எடு." அவள் காட்டியது வாசலில் என் சேற்றுக் காலணிகளுக்கு அடியில் கிடந்த வண்ணத் தாள்களை. ஞாயிறு செய்தித்தாளோடு வரும் தள்ளுபடிக் கூப்பன்கள்.

கூப்பன் வெட்டுவது கை நீட்டுவதற்கு ஒரு படி முன்னால் என்றே எங்கள் வீட்டில் எண்ணி வந்தோம். ஆனால் முப்பத்தோரு வருடம் பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியராக இருந்தவன் நான். பொடி எழுத்தைப் படிக்காமல் விட என்னால் முடியாது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தள்ளுபடிப் பணத்தைக் கடைக்காரர் தருவதில்லை, சாமானைச் செய்யும் கம்பெனி தருகிறது என்று அதில் இருந்தது. ஒரு சாமானுக்கு ஒரு கூப்பன். படத்தில் பெரிய டப்பா, எழுத்திலோ 'எந்த அளவும்'. சின்ன டப்பாவுக்கும் அதே தள்ளுபடி என்றால் சின்னதுதானே லாபம்? பிறகு ஏன் பெரியதைப் படம் போடுகிறார்கள்? இந்தக் கேள்வி ஒரு முற்பகல் முழுவதும் என்னை மேஜையை விட்டு எழவிடவில்லை.

வெட்டியவற்றை ஒரு அட்டைப் பெட்டியில் கம்பெனிப் பெயரின் அகரவரிசையில் அடுக்கினேன். கடையில் அது என்னைப் படுத்திய பாடு! முதல் சீட்டு கடையின் இந்தக் கோடியில், அடுத்தது அந்தக் கோடியில். முழங்கால் வீங்கி வீடு வந்தேன். மறு வாரம் கடையை வரைபடமாக வரைந்து, சாமான் இருக்கும் வரிசைப்படி மாற்றி அடுக்கினேன். கெடு நெருங்கியவை முன்னால்.

"சண்டைக்குப் போற மாதிரி இருக்கு," என்றாள் ஐடெல்லா. "எதிரி யாரு, பீன்ஸா?"

ஆனால் ஒரு செய்தித்தாளில் ஒரு சாமானுக்கு ஒரு கூப்பன்தான் வரும். மூன்று வாரத்தில் முப்பத்தெட்டு சாமான்கள்தான் சேர்ந்தன.

இதற்கிடையில் கடையில் ஒரு விசித்திரம் கண்டேன். பட்டாணி டப்பாக்களுக்கு முன்னால் நாலு கூப்பன்கள், ஒழுங்காக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக. பாவம், யாரோ மறந்துவிட்டார்கள் என்று வாடிக்கையாளர் உதவி மேஜையில் ஒப்படைத்தேன். அடுத்த வாரம் நூடுல்ஸ் பக்கத்தில். அதையும் ஒப்படைத்தேன். மேஜையில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மூன்றாவது வாரம் அவளிடம் நீட்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார்! நீங்கதானா அது?"

பள்ளிப் பேருந்து ஓட்டும் நடீன் குக்டா. என்னிடம் படித்தவள்.

"எது?"

"மூணு வாரமா நான் வெச்சுட்டுப் போற கூப்பனெல்லாம் காணாமப் போகுது. எவனோ பேராசை பிடிச்சவன் அள்ளிட்டுப் போறான்னு நெனச்சேன். இங்க கொண்டாந்தா குடுக்கிறீங்க?"

"தொலைஞ்சதைத் திருப்பிக் குடுக்கிறது தப்பா?"

"தொலைக்கல சார், வெச்சேன்! நமக்கு வேண்டாததை அந்தச் சாமான் பக்கத்துலயே வெச்சுடுவோம். வேணுங்கறவங்க எடுத்துக்குவாங்க. கூப்பன் வெட்டற அத்தனை பேருக்கும் தெரியுமே." அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒன்பதாவதுல என் சூயிங்கத்தையும் இப்படித்தானே பிடுங்கி ஆபீஸ்ல குடுத்தீங்க!"

மேஜைப் பெண் குனிந்துகொண்டாள். என் காது சூடானது.

"யாரு எடுக்கறாங்கன்னே தெரியாமயா வெக்கறீங்க?"

"தெரிஞ்சா எடுக்க மாட்டாங்களே, சார்."

மூன்றாவது தட்டில் இருப்பதையும் யாரும் பார்க்காத நேரத்தில்தான் எடுத்துப் போகிறார்கள்.

"உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க," என்றாள்.

எங்கள் தட்டு குறைகிறது என்று ஊரில் ஒரு ஆளிடமும் நான் சொன்னதில்லை. சொன்னால் அது அப்பாவின் பெயருக்குத்தான் இழுக்கு. சொல்லாவிட்டால் தட்டே ஊருக்குச் சொல்லிவிடும்.

"சர்ச் தட்டுக்கு எண்பத்திரண்டு சாமான் குறையுது," என்றேன். "பன்னிரண்டு நாள் இருக்கு."

அவள் முகத்தில் இரக்கம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. கணக்குப் புதிர் கிடைத்த மாணவியைப் போல ஒரு தடித்த கோப்பைத் திறந்தாள். அவள் பேருந்து போகும் தெருக்களில் இருப்பவர்கள் வேண்டாம் என்று கொடுத்த செய்தித்தாள்களிலிருந்து வெட்டியவை, பக்கம் பக்கமாகப் பிளாஸ்டிக் உறைகளில். பத்து நூடுல்ஸ் கூப்பன்களை உருவி நீட்டினாள்.

"கையில வாங்க மாட்டேன், நடீன்."

"அப்படியா? வாங்க."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், அவற்றை நூடுல்ஸ் தட்டில் வைத்தாள். இரண்டு அடி தள்ளி நின்று கூரையைப் பார்த்தாள்.

"யாரோ வெச்சுட்டுப் போயிருக்காங்க, சார்."

எடுத்துக்கொண்டேன்.

இப்படியே கடை முழுவதும். அவள் வைத்துக்கொண்டே போனாள், நான் எடுத்துக்கொண்டே போனேன். பூனைத் தீனிக்கு முன்னால் நானும் என்னிடமிருந்த இரண்டை வைத்தேன். "எங்க வீட்ல நாலு பூனை," என்று அவள் எடுத்துக்கொண்டாள். மறு வாரமும் அப்படியே சுற்றினோம்.

ஞாயிறன்று தட்டு நிரம்பியது. எப்போதும் ஒரே கம்பெனியின் டப்பாக்கள் அணிவகுத்து நிற்கும் இடத்தில் இந்த முறை ஏழு வகைப் பட்டாணி.

"இந்த வருஷம் ஒரே கலர்கலரா இருக்கே, காஸ்கில்?" என்றார் போதகர். அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

"கூப்பன் வெட்டினேன்," என்றேன், வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. "நடீன் குக்டா பாதிக்கு மேல குடுத்தாங்க."

பிறகு மூன்று பேர் தனித்தனியாக வந்தார்கள், கூப்பன்களை எப்படி அடுக்குவது என்று கேட்க. அவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். நான் தாழ்த்தவில்லை.