பயத்துக்கு ஒரு ஸ்டூல்

1.

முதலில் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு களவிலிருந்து வந்தது. களவெடுத்தது நான். பெயர் நிரோஜா, வயது பதினேழு, ஊர் கனகராயன்குளம். களவுபோனவை பத்து வசனங்கள். அந்தப் பத்து வசனங்களுக்கும் வலயத் தமிழ்ப் போட்டியில் முதலிடம் கிடைத்துவிட்டது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு வவுனியாவில் ஒரு மண்டபத்தில், மேடையில் ஏறி, அவற்றை நான் வாசிக்க வேண்டும்.

இப்போது இரவு பதினொன்றே கால். அடுத்த அறையில் அம்மம்மாவின் குறட்டை. நாளைக்கு அவர் கட்டப்போகும் சேலை, மடிப்புக் குலையாமல் என் கதிரையின் முதுகில் கிடக்கிறது. நான் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். அந்தச் சேலையைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

2.

இதற்கு முன் மூன்று தரம் தொடங்கிப் பார்த்தேன்.

"வன்னியின் செம்மண்ணிலே வழிவழியாக வந்த வாய்மொழிச் செல்வங்கள்—" (வேண்டாம். இது எங்கள் சுகந்தினி ரீச்சர் ஒலிவாங்கியில் பேசுவதுபோல இருக்கிறது.)

"எனக்கு ஒரு அம்மம்மா இருக்கிறார். அவர் வாயைத் திறந்தால்—" (இது பழைய கட்டுரையின் முதல் வரி. முதல் பொய்யும் இதுதான்.)

"பிரேமிளா, நீ இதை வாசித்தால்—" (இதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்படியே விடுகிறேன்.)

3.

போட்டித் தலைப்பு 'என் அம்மம்மாவின் வாய்ச்சொற்கள்'. சிரிப்பு வரவேண்டும், நினைவில் நிற்கவேண்டும், பத்து வேண்டும் என்றார் ரீச்சர். நான் கொப்பியும் பேனையுமாக ஒரு பின்னேரம் முழுக்க அம்மம்மாவுக்குப் பின்னால் திரிந்தேன். அம்மம்மா, அதாவது விமலேஸ்வரி, எழுபத்தொரு வயது, அன்று சொன்னவை இவ்வளவும்தான்:

"கதவைச் சாத்து, நுளம்பு வரும்."

"செருப்பை ஒழுங்கா விடு."

"லைட்டை நூத்துப்போட்டுப் படு."

மூன்றாவது, பின்னேரம் நாலு மணிக்குச் சொன்னது. பகல் வெளிச்சத்தில், எரியாத லைட்டை அணைக்கச் சொல்லி. என்னைத் துரத்துவதற்காக.

அந்த நேரம் சுப்பம்மா வந்தார்.

(இந்த வரியில் இருபது நிமிடம் நின்றேன். மீன் கொண்டுவருகிறவரை நான் மாமா என்கிறேன். தபால் கொண்டுவருகிறவவை அன்ரி என்கிறேன். எங்கள் கச்சான்கடலைக் காணியில் நான் பிறக்க முன்னிருந்தே வேலைசெய்கிற, என் அம்மாவைவிட இருபது வயது கூடின ஒருவரை மட்டும் வீட்டில் எல்லாரும் வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம். நானும்தான். எழுதும்போதுதான் கண்ணில் குத்துகிறது.)

சுப்பம்மா குசினி வாசற்படியில் இருந்து கச்சான் உடைக்கத் தொடங்கினார். உடைத்தால் கதைப்பார். கதைத்தால் நாங்கள் சிரிப்போம். நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால்:

"அந்த போனு ஒன்னையப் பெத்திருந்தா, இந்நேரம் சலிச்சுப்போயி தன்னால அணைஞ்சிருக்கும்."

பெருமை பேசுகிற ஆள் தெருவால் போனால்:

"அவரு தும்முனாக்கூட ரெண்டு பேரு வந்து மன்னிப்புக் கேக்கணும்."

தேத்தண்ணி நேரம் பார்த்து வந்து, விளக்கு வைத்தபிறகும் எழும்பாத நல்லதம்பி மாமாவைப் பற்றி, அவர் படலை தாண்டின பிறகு:

"அட்டகூட வயிறு நெறஞ்சா தானா விழுந்துரும். இந்த மனுசன் விழ மாட்டேங்குறாரே!"

அம்மம்மா சிரித்துப் புரையேறி, "வாயை மூடடி சுப்பம்மா" என்றார். (இது அம்மம்மாவின் நாலாவது வாய்ச்சொல் என்று வைத்துக்கொள்ளலாம்.)

நான் எழுதினேன். பத்தும் சேர்ந்தது. பிறகு ஒரு வேலை செய்தேன். அதைத்தான் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவ்வளவையும் எங்கள் பேச்சுக்கு மாற்றினேன். 'ஒன்னைய' என்பதை 'உன்னை' ஆக்கினேன், 'மாட்டேங்குறாரே' என்பதை 'மாட்டன் எண்டுறாரே' ஆக்கினேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே வயல் செய்கிற குடும்பத்து அம்மம்மா எப்படிக் கதைப்பாரோ அப்படி. இடியப்பம் பிழிவதுபோல லேசாக வந்தது. எங்கள் வறண்ட ஊரில் ஆள்மேல் ஏறி இரத்தம் குடிக்கிற அட்டையை ஒருவரும் காணமாட்டார், ஆனாலும் அதை மட்டும் மாற்ற முடியவில்லை. நுளம்பு என்று போட்டுப் பார்த்தேன், நுளம்பு விழாது, பறந்துவிடும். அட்டை அப்படியே நின்றுவிட்டது.

4.

புதன்கிழமை காலைக் கூட்டத்தில் ரீச்சர் முடிவை அறிவித்து, மூன்று வசனங்களை வாசித்தார். முழுப் பள்ளிக்கூடமும் சிரித்தது.

பிரேமிளா எல்லாருக்கும் முதல் சிரித்தாள். வரி முடிய முன்னமே. முடிவு அவளுக்குத் தெரியும், சுப்பம்மா அவளுடைய அம்மாயி, எங்கள் பேச்சில் அம்மம்மா. சிரித்து, பாதியில் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

(இந்த இடத்தில் பிரேமிளாவைக் கோபக்காரியாக எழுதினால் எனக்கு வசதி. ஒரு வரைவில் அவள் என் கொப்பியைக் கிழித்தாள். அப்படி நடக்கவில்லை. வெட்டிவிட்டேன்.)

சைக்கிள் விடுகிற இடத்தில் கேட்டாள்.

"அது எங்க அம்மாயி பேச்சுதானே?"

"ஓம்."

"கேட்டிருந்தா குடுத்திருக்கும். சோறு கேக்காதவங்களுக்கே போட்டுக் குடுக்கும். பேச்சக் குடுக்காதா?"

"அப்ப ஏன்டி கோவிக்கிறாய்?"

"கோவமெல்லாம் இல்ல. அதுக்கு ஒரு பேரு இருக்குல்ல. அதப் போட்டா ஒனக்கு என்னா?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் எப்போதும் எங்களைப் போலத்தான் கதைப்பாள். 'ஓம்' என்பாள், 'எண்டு' என்பாள். அன்று வீட்டுப் பேச்சில் கதைத்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. மூன்று நாளாக நாங்கள் கதைக்கவில்லை. முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள்.

5.

சிரிப்பான பகுதியை இங்கே வைக்கிறேன், எனக்கே தேவைப்படுகிறது.

ரீச்சர் வீட்டுக்குக் கோல் எடுத்து, அம்மம்மாவையும் கூட்டிவரச் சொன்னார். மேடையில் பொன்னாடை போர்த்துவார்களாம். பிரதம விருந்தினர் இரண்டு மூன்று வசனங்களை அம்மம்மாவின் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்பாராம்.

அம்மம்மா முதலில், "நான் எப்ப உதெல்லாம் சொன்னனான்?" என்றார். கொஞ்ச நேரத்தால், "சொல்லியிருப்பன்தான். வயசு போனா மறதி" என்றார். இரவுச் சாப்பாட்டுக்குள் பாடமாக்கத் தொடங்கிவிட்டார்.

"அவர் தும்மினா ரெண்டு பேர் வந்து... என்ன பிள்ளை கேக்கிறது?"

"மன்னிப்பு, அம்மம்மா."

"ஏன்? தும்மினது அவர்தானே?"

"அதுதான் பகிடி."

"உதில என்ன பகிடி? தும்மினவன்தான் மன்னிப்புக் கேக்கவேணும்."

அட்டை இன்னும் மோசம்.

"அட்டையை எங்க கண்டனீங்கள் எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்கள்?"

"கடலட்டை எண்டுவன்."

"அது கடிக்காது, அம்மம்மா!"

"அங்க ஆர் கடிச்சுப் பாக்கப்போறான்?"

நான் சிரித்துவிட்டேன். இதுவரை அம்மம்மா சொன்னதிலேயே இதுதான் உண்மையான பகிடி. ஆனால் இது போட்டி முடிந்தபிறகு வந்த பகிடி.

6.

இன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் சொல்லிவிட்டேன். சுருக்கமாக எழுதுகிறேன். நீட்டினால் நான் நல்ல பிள்ளைபோல வந்துவிடுவேன்.

"அம்மம்மா, உது சுப்பம்மான்ர கதை. பத்தும்."

அம்மம்மா கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எனக்குத் தெரியாதே?"

"தெரியுமோ?"

"சண்டை முடிஞ்சு முகாமில அவளும் நாங்களும் ஒரு கூடாரம். நீ கைக்குழந்தை. தண்ணிக்கு விடியத் தொடங்கி லைன்ல நிக்கவேணும். அவள் பின்னால நிண்டு ஒண்டு சொல்லுவள், லைன் முழுக்கச் சிரிக்கும். அட்டை கதையை அங்கயே சொன்னவள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில கொழுந்து எடுக்கேக்க காலெல்லாம் அட்டையாம். எழுபத்தேழு கலவரத்தில அடிச்சுத் துரத்த, இங்கால வந்தவள்." கழுவின கோப்பையை இன்னொரு தரம் கழுவினார். "ஒரு கோப்பைதான் இருந்தது. அவள் குடிச்சிட்டுத் தருவள், நான் குடிப்பன்."

சுப்பம்மாவின் கோப்பை குசினி யன்னலில் தனியாக இருக்கிறது. நீலப் பூப்போட்டது. எங்களுடையவை அலுமாரிக்குள்.

"அப்ப இப்ப ஏன் அவவுக்கு வேற கோப்பை?"

அம்மம்மா கையைத் துடைத்தார்.

"லைட்டை நூத்துப்போட்டுப் படு" என்றார்.

7.

முடிவுகள். எழுதிப் பார்த்தவை:

(அ) பழைய தாளை வாசிக்கிறேன். அம்மம்மாவுக்குப் பொன்னாடை. எல்லாரும் கைதட்டுகிறார்கள். பிரேமிளா முடிவு தெரிந்தும் சிரிக்கவில்லை. இனி ஒருநாளும் எனக்குப் பக்கத்தில் இருந்து சிரிக்கமாட்டாள்.

(ஆ) இந்தத் தாளை வாசிக்கிறேன். முன்வரிசையில் அம்மம்மா, மடிப்புக் குலையாத சேலையோடு. வாழ்க்கையில் ஒரு மேடையும் ஏறாத மனுசி. எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்க்க—

(இதை முடிக்க என்னால் முடியவில்லை.)

(இ) காய்ச்சல். கமக்கட்டுக்குள் வெங்காயம் வைத்தால் காய்ச்சல் வரும் என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். பத்து மணிக்கு வைத்தேன். காய்ச்சல் வரவில்லை. இந்தத் தாளில் வெங்காய மணம் வந்தால் காரணம் அதுதான்.

8.

பன்னிரண்டு பத்து. குறட்டை நின்றுவிட்டது. அம்மம்மா தண்ணீர் குடிக்க எழும்பி, என் அறை வாசலில் நின்றார். நான் தாளைத் தலையணைக்குக் கீழே தள்ளினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. கதிரையில் கிடந்த சேலையைத்தான் பார்த்தார்.

"நாளைக்கு வான்ல எத்தினை பேர் போகலாம்?"

"எட்டுப் பேர்."

"நாங்கள் எத்தினை பேர்?"

"அஞ்சு."

"ம்" என்றார். பிறகு, "கதவைச் சாத்து, நுளம்பு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

(அந்த 'ம்' என்றால் என்ன? நான் கதாசிரியை, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.)

9.

ஒன்று மறைத்துவிட்டேன். வசனங்கள் பத்து இல்லை, பதினொன்று. பதினோராவதை நான் போட்டிக்குக் கொடுக்கவில்லை. அது எனக்கென்று சொன்னது.

போன வருசம் ஓ.எல். பரீட்சைக்கு முதல்நாள். சாப்பாடு இறங்காமல், குசினி வாசலில் அழுதுகொண்டு நின்றேன். சுப்பம்மா கச்சான் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"பயம் வந்திருக்கா புள்ள? வந்தா வரட்டும், ஒரு ஸ்டூலப் போட்டு ஒக்கார வையி. நின்னுக்கிட்டு இருந்தாத்தான் அது தொணதொணன்னு பேசும். ஒக்காந்தா தூங்கிரும்."

இதை எங்கள் பேச்சுக்கு மாற்றவில்லை. அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். சொன்னது வாசற்படியில் குந்தியிருந்து. எங்கள் வீட்டில் ஒன்பது கதிரை இருக்கிறது.

10.

முடிவு என்னிடம் இல்லை. உங்களிடம் தருகிறேன்.

நீங்கள் எங்கேயோ தனியாக இருந்து இதைத் தாளில் வாசிக்கிறீர்கள் என்றால், நான் மேடையில் எந்தத் தாளை எடுத்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது, பன்னிரண்டு நாற்பதுக்கு, எனக்கும் தெரியாது. இரண்டு தாளும் ஒரே ஃபைலுக்குள் இருக்கின்றன.

ஆனால் நீங்கள் மண்டபத்தில் இருந்து இதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தால், என் குரல் நடுங்குவதும் கேட்கும். குறை நினைக்காதேயுங்கோ. முதலில் முன்வரிசையைப் பாருங்கோ. அங்கே சேலை நன்றாக மடித்துக் கட்டினவர் என் அம்மம்மா விமலேஸ்வரி. 'கதவைச் சாத்து', 'செருப்பை ஒழுங்கா விடு', 'லைட்டை நூத்துப்போட்டுப் படு', இந்த மூன்றும் அவருடைய சொந்தச் சொற்கள். பதினேழு வருசமாக என்னை நுளம்பு கடிக்காமல் பார்த்தவை. அதற்குக் கைதட்டலாம்.

பிறகு பின்னால் திரும்பிப் பாருங்கோ. வான் வண்டியில் மூன்று இடம் மிச்சம் இருந்தது. அம்மம்மாவின் 'ம்'முக்கு அர்த்தம் நான் நினைக்கிறதுதான் என்றால், கதவு நிலையோடு ஒருவர் நிற்பார். பக்கத்தில் ஒரு பிள்ளை நிற்பாள், ஒவ்வொரு வரிக்கும் உங்களுக்கு முதல் சிரிக்கிறவள். மற்றப் பத்தும் அந்த அம்மாயியினுடையவை. பேர் சுப்பம்மா. கதிரையில் இருக்கச் சொன்னால், "இருக்கட்டுங்க" என்று நின்றபடியே சொல்லுவார். முதல் தரம் சொன்னதை நம்பாதேயுங்கோ. இரண்டாம் தரமும் கேளுங்கோ.

உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் பை இருக்கிறதல்லவா?

எடுத்து மடியில் வையுங்கோ.