பழுக்காத பயில்வான்

அவளை எல்லோரும் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக ஏணியில் ஒட்டிக்கொண்டு கடைச் சுவர்களில் முகம் வரைகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? இன்றைக்கு ஓவியப் பள்ளியில் வாத்தியார் வேலைக்குத் தேர்வு. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. கோட்டை விட்டால் முழங்கால் தேய்ந்து மாவாகும்வரை ஏணிதான்.

மேடையில் அரைக்கால் சட்டையோடு பயில்வான் உட்கார்ந்திருந்தார். பீரோவுக்குக் கைகால் முளைத்த மாதிரி உடம்பு. மூன்று மணி நேரத்துக்குள் அந்த உடம்பை எண்ணெய் வண்ணத்தில் உயிரோடு கொண்டுவர வேண்டும். தேர்வு நடத்தும் அம்மாவுக்கு மைக்ராஸ்கோப் என்று பட்டப்பெயர். எறும்பின் கன்னத்தில்கூட நிறப்பிழை கண்டுபிடித்துவிடுவாராம். வண்ணம் கரைக்கிற டர்பன்டைனின் நெடி தனக்கு ஆகாதென்று அத்தனை ஜன்னலையும் திறந்துபோட்டிருந்தார். உள்ளே வந்த காற்றில் ஐஸ்கட்டியே ஸ்வெட்டர் கேட்கும்.

வெள்ளை, மஞ்சள் காவி, செங்காவி. பல்லி கலந்தாள். தோல் ஒரேயடியாகச் சிவந்து தெரிந்தது. துளி பச்சை விட்டு அடக்கினாள். மறுபடி சிவந்தது. மறுபடி பச்சை. இரண்டு மணி நேரம் இதே மல்லுக்கட்டு.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கக் கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். அவள் படத்தில் இருந்தது பயில்வான் இல்லை, பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி.

பக்கத்தில் வரைந்துகொண்டிருந்த மீசைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, உங்காளு இன்னும் பழுக்கலையா?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் குனிந்து தன்னையே பார்த்தாள். சிவப்புச் சட்டை. ராசியான கலர், இதைப் போட்டுக்கொண்டு போனால் வேலையைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள் என்று நாத்தனார் வாங்கிவந்து மாட்டிவிட்டது. ஜன்னல் வெளிச்சம் அந்தச் சட்டையில் பட்டு, வண்ணம் கலக்கும் பலகையிலும் படத்திலும் சிவப்பை வாரி இறைத்திருக்கிறது. இல்லாத சிவப்பை அடக்கத்தான் அவ்வளவு பச்சையும். சுவர் வேலைக்கு எப்போதும் பழைய சாம்பல் சட்டையில் போகிறவளுக்கு இந்த வில்லங்கம் தெரிந்திருக்க நியாயமில்லை.

மீதி நாற்பது நிமிஷம்.

பயில்வானின் இரும்பு ஸ்டூலில் மடித்துப்போட்ட சாம்பல் போர்வை கண்ணில் பட்டது. ஓடினாள். "அண்ணே, அதைக் கொஞ்சம் குடுங்கண்ணே. என் பொழைப்பே அதுலதான் இருக்கு."

"எடுத்துக்க தங்கச்சி. நான் பாக்காத குளிரா?" என்று வெறும் இரும்பில் உட்கார்ந்தார் அவர்.

போர்வையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு, பச்சை மனிதனைக் கத்தியால் சுரண்டி எறிந்தாள். புதிதாகக் கலந்து, கத்தி நுனியில் எடுத்து, ஒரு கண்ணை மூடி அவர் தோளுக்கு நேராகப் பிடித்தாள். அச்சு அசலாகப் பொருந்தியது. பத்தே நிமிஷம்தான். பார்க்காத குளிரைப் பயில்வான் பார்க்க ஆரம்பித்தார். மயிர்க்கால் குத்திட்டது. மூக்கு நுனியும் முட்டிகளும் கன்றிச் சிவந்தன, மார்பில் நீலம் ஓடியது. கலந்து வைத்ததெல்லாம் வீண்.

மற்றவர்கள் காலையில் கலந்த நிறத்தையே நிம்மதியாகப் பூசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கோ காலை நிறம் சுரண்டலோடு போய்விட்டது. கண்ணெதிரே இருக்கிறதைத்தான் போடமுடியும். உதட்டைக் கடித்துக்கொண்டு நீலத்தைத் தொட்டாள். மணி அடிக்கும்போது கடைசியாகத் தீட்டிய விரல்முட்டியில் வண்ணம் ஈரமாக மின்னியது.

மைக்ராஸ்கோப் அம்மா பதினொரு படங்களை நிற்காமல் தாண்டி வந்தார். பல்லியின் படத்துக்கு முன்னால் நின்றார். படத்தைப் பார்த்தார், பயில்வானைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

அம்மா நடந்துபோய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

"மத்தவங்க எல்லாரும் இவரை அடுப்புப் பக்கத்துல உட்காரவெச்சு வரைஞ்சிருக்காங்க. இவருக்குக் குளிருதுன்னு எனக்கு இந்தப் படத்துலதான் தெரிஞ்சுது" என்றார். போர்வைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த சிவப்புச் சட்டைக் கையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"திங்கக்கிழமை வகுப்புக்கு வரும்போது இந்தச் சட்டை வேண்டாம். போர்வையை அவர்கிட்ட குடுங்க, பாவம்."