பாதி விலைச் சுண்ணாம்பு

செத்த மண்ணைப் பிழைக்க வைக்கும் நுண்ணுயிர்ப் பொட்டலம் ஒன்று, இரண்டு டீ விலை. உள்ளே கோடிக்கணக்கில் உயிர். 'பாதி விலை' அதையும் ஒரு டீக்குக் கேட்டுப் பார்த்தார். பல் பிடுங்கப் போன இடத்தில், ரெண்டாகப் பிடுங்கினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டு வாங்கிய பட்டப்பெயர் அது.

அவருடைய குத்தகை நிலம் புளிப்பு மண். இரண்டு போகமாகப் பயறு மஞ்சளடித்து நின்றது. இந்த முறையும் போனால் செங்கல் சூளைக்கு விட்டுவிடுவதாக நிலத்துக்காரர் சொல்லியிருந்தார்.

விதையில் பொட்டலத்தைப் பிசறி, மேலே சுண்ணாம்புக்கல் மாவு பூசச் சொன்னார் விவசாய அதிகாரி. புளிப்பு அந்த உயிர்களைத் தின்றுவிடாமல் இருக்க அது ஒரு சட்டை.

கடைக்காரர் மாவு விலையில் இறங்கவில்லை. "அண்ணே, இதுக்கு மேல கொறச்சா கடையை உங்க பேருக்கு எழுதணும். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு இருக்கு, பாதி விலை. அதுவும் சுண்ணாம்புதானே?"

பாதி விலை என்ற பிறகு அவர் காதில் வேறெதுவும் ஏறவில்லை.

"கை எரியுதுங்க," என்றாள் விதை பிசறிய மனைவி.

"சரக்கு வீரியமா இருக்குன்னு அர்த்தம்."

கடைசிக் கூடைக்குச் சுண்ணாம்பு போதவில்லை. கோழிகளுக்கு வைத்திருந்த சிப்பித் தூளைச் சலித்துப் பூசி, வரப்போரம் ஒரு வரிசை விதைத்தாள்.

நிலம் மறுபடி மஞ்சளானது. அவள் செடி செடியாகப் பிடுங்கினாள். அந்த உயிர்கள் குடியேறியிருந்தால் வேரில் கட்டியிருக்க வேண்டிய முடிச்சு ஒன்றுகூட இல்லை. அதிகாரி சாக்கைப் பார்த்தார். "இது சுட்ட சுண்ணாம்பும்மா. விதைமேல இருந்த உயிரெல்லாம் வெந்துபோச்சு."

வரப்போரம் மட்டும் பச்சை. அங்கே வேரெல்லாம் முடிச்சு. ஒன்றைக் கிள்ளினாள், உள்ளே உயிர் வேலை செய்கிற ரத்தச் சிவப்பு.

"கோழிக்கு வெச்ச சிப்பித் தூளுங்க, சுடாத சுண்ணாம்பு," என்றாள்.

அந்தச் செடியோடு 'பாதி விலை' நிலத்துக்காரர் வாசலுக்கு ஓடினார். "வழி தெரிஞ்சிடுச்சுங்க. இன்னும் ஒரு போகம் குடுங்க. பாதி நிலமாவது. சரி, காலாவது."

"சூளைக்காரர் பேரமே பேசலப்பா. கேட்டதை அப்படியே குடுத்துட்டாரு."

ஆக, வரவு ஒரு வரிசைப் பயறு. செலவு நிலம் முழுதும். வெந்து உரிந்த அவள் உள்ளங்கைத் தோல் இன்னும் திரும்பி வராத பாக்கி.