பன்னிரண்டாம் தேதியின் இரண்டு மணி

மார்ச் 11, புதன். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். சின்னது என்று எழுதும்போதே சந்தேகம் வருகிறது. இருபது நிமிடம் அது பெரிதாகத்தான் இருந்தது.

திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டிலிருந்து முதன்முதலாக நானே ஒரு ஆங்கில மெயில் எழுதி அனுப்பினேன். நெல்லூர் இறால் கம்பெனியின் கன்டெய்னர் எத்தனை மணிக்குள் எங்கள் கேட்டுக்கு வர வேண்டும் என்பதுதான் விஷயம். மாலை ஆங்கில வகுப்பில் நோட்டில் எழுதிக்கொண்டபடி, கடைசி நேரத்துக்கு ‘பை’, தேதிக்கு ‘ஆன்’. பன்னிரண்டாம் தேதி அதிகாலை இரண்டு மணிக்குள் என்று எழுதி, மூன்று முறை படித்துவிட்டே அனுப்பினேன்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பதில் வந்தது. ‘இன்று ராத்திரிக்குள் முடியாது. லாரி நாளைதான் கிளம்பும். புக்கிங்கை ரத்து செய்யுங்கள்.’

நோட்டைப் புரட்டினேன். ‘பை’ சரி, ‘ஆன்’ சரி. மேற்பார்வையாளர் பாஸ்கர் அண்ணனிடம் ஓடினேன்.

“இன்னாம்மா, மூஞ்சி இப்டி கீது?”

“பன்னெண்டாந்தேதி ரெண்டு மணின்னு நீதானேண்ணா சொன்னே?”

“ஆமா. நாளிக்கு நைட் ஷிஃப்ட்டு.”

அப்போதுதான் உறைத்தது. எங்கள் யார்டில் இரவு பத்து மணி ஷிஃப்ட், விடியும்வரை அது தொடங்கிய தேதியிலேயே ஓடும். நள்ளிரவு தாண்டினாலும் ரிஜிஸ்டரில் யாரும் தேதியை மாற்றுவதில்லை. நானும் மாற்றவில்லை.

“அண்ணா, காலண்டர்ல அது பதிமூணு!”

“அட, ஆமா! பழைய பார்ட்டிங்கோ புரிஞ்சிக்குவாங்கோ, இவங்கோ புச்சு. இங்கிலீஷு சோக்கா கீதும்மா, தேதிதான் கலீஜு! சீக்கிரம் அடி!”

போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி மெயில். வியாழன் பன்னிரண்டாம் தேதி இரவு பத்து மணியிலிருந்து வெள்ளி பதின்மூன்றாம் தேதி அதிகாலை இரண்டு மணிவரை. ‘ஃப்ரம்’, ‘அன்டில்’, இரண்டு ‘ஆன்’. நோட்டைத் திறக்கவே இல்லை!

மூன்று இருபதுக்குப் பதில். ‘நன்றி. லாரி நாளை காலை கிளம்பும். புக்கிங் இருக்கட்டும்.’

நாற்காலியிலிருந்து குதித்துவிட்டேன். கேட்டில் நின்ற டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இனிமே கேட் மெயிலு பூரா நீதான்,” என்றார் பாஸ்கர் அண்ணன். “குதிக்கறத மட்டும் கொறச்சிக்கோ.”

மாலை வகுப்பில் பக்கத்து இருக்கை ரிஃபானாவிடம் இதை இரண்டு முறை சொன்னேன். இரண்டாம் முறையும் சிரித்தாள்.

நாளைய வேலை: காலை பத்து மணிக்குள், இந்த வாரம் யார்டிலிருந்து போன மற்ற நான்கு கேட் மெயில்களையும் எடுத்து, நள்ளிரவுக்குப் பிந்தைய நேரங்களின் தேதியைச் சரிபார்ப்பது.